அப்பா ஒதுக்கி வைத்த கறிவேப்பிலை

எங்கள் வீட்டுக்குள் பாகற்காய் வந்ததே இல்லை. யாரும் தடை போட்டதாகவும் ஞாபகம் இல்லை. "அப்பாவுக்குப் பிடிக்காது" என்று அம்மா எப்போதோ ஒரு தடவை சொன்னார், அவ்வளவுதான். கொத்தவரங்காய், வாழைப்பூ, சுண்டைக்காய் எல்லாம் அதே கணக்கில் சேர்ந்தவை. பதினெட்டு வயதில் விடுதி மெஸ்ஸில்தான் முதன்முதலாகப் பாகற்காய்ப் பொரியல் என் தட்டில் விழுந்தது. விழுந்த வேகத்தில் ஓரத்துக்குப் போனது. பக்கத்தில் இருந்த தேனிக்காரப் பையன், "வேணாம்னா கொடு" என்று வழித்து எடுத்துக்கொண்டான். அவன் அப்பாவுக்கு வாரம் இரண்டு நாள் பாகற்காய் இல்லாவிட்டால் சோறு இறங்காதாம்.

இரண்டு பையன்கள், ஒரே காய், இரண்டு அப்பாக்கள். அன்றைக்கு இது தோன்றவில்லை. என் மகள் நான்கு வயதில் ரசத்திலிருந்து கறிவேப்பிலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் வலது ஓரத்தில் அடுக்கியபோதுதான் தோன்றியது. நான் அடுக்குவதும் அதே வலது ஓரத்தில்தான். "கறிவேப்பிலையைத் தின்னு, முடி வளரும்" என்று அவளிடம் அதற்குமுன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

குழந்தை சரியாகச் சாப்பிடவில்லை என்றால் நம் ஊரில் கேள்வி அம்மாவிடம்தான் போகும். டாக்டர் "என்னம்மா குடுக்குறீங்க?" என்பார். மாமியார் ஜாடையாகக் கேட்பார். சத்துமாவு விளம்பரத்தில் கவலையோடு டம்ளரை நீட்டுவதும் அம்மாதான். ஆய்வாளர்கள்கூட இதில் விதிவிலக்கில்லை. பெற்றோரின் வளர்ப்புமுறைக்கும் குழந்தைகளின் உடல் பருமனுக்கும் உள்ள தொடர்பைப் பேசிய அறுநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் 2016-இல் தொகுத்துப் பார்த்தார்கள். அம்மாக்களை மட்டும் வைத்து நடந்தவை நூற்றுக்கு 36. அப்பாக்களை மட்டும் வைத்து நடந்தது நூற்றுக்கு ஒன்று. அப்பாவிடம் அநேகமாக யாரும் கேட்கவே இல்லை.

கேட்காததற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஒரு நாளில் சம்பளமில்லாத வீட்டு வேலையில் கை வைத்த பெண்கள் நூற்றுக்கு 81 பேர், ஆண்கள் 26 பேர். கை வைத்தவர்களிலும் பெண்கள் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். அடுப்படிக்கே போகாதவருக்கு சாப்பாட்டில் என்ன பங்கு என்று நினைப்பது இயல்புதான். ஆனால் அடுப்பில் என்ன ஏறுகிறது என்பதைத் தீர்மானிக்க அடுப்படிக்குள் போக வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவில் நல்ல இறைச்சி எல்லாம் படைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. உள்ளூர்க்காரர்களை ஈரல், இதயம், சிறுநீரகம் சாப்பிட வைக்க அரசு விரும்பியது. ஜெர்மனியிலிருந்து குடியேறி அயோவாவில் வேலை பார்த்த உளவியலாளர் கர்ட் லெவின், உணவு எந்த வழியாக வீட்டு மேசைக்கு வருகிறது என்று அப்போது ஆராய்ந்தார். கடை, தோட்டம், குளிர்பெட்டி என்று பல வாய்க்கால்கள். ஒவ்வொன்றின் மதகிலும் பெரும்பாலும் இல்லத்தரசி நிற்கிறாள் என்றார் அவர். இன்று பத்திரிகைத் துறையில் எல்லோரும் சொல்லும் 'வாயிற்காப்பாளர்' என்ற கருத்து அங்கேதான், 1943-ஐ ஒட்டிய அந்தச் சமையலறை ஆராய்ச்சியில்தான் பிறந்தது. ஈரல் நல்லது என்று சொற்பொழிவு கேட்ட பெண்களில் 3 சதவீதம் பேர்தான் வீட்டில் புதிதாக அதைச் சமைத்தார்கள். கூடி உட்கார்ந்து பேசி, தாங்களே முடிவெடுத்த பெண்களில் 32 சதவீதம் பேர் சமைத்தார்கள்.

மதகில் நிற்பது அம்மா என்பது சரி. அவர் யார் முகத்தை நினைத்துக்கொண்டு மதகைத் திறக்கிறார் என்பது அடுத்த கேள்வி. காய்கறிக் கடையில் பாகற்காயைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அம்மா திரும்பக் கூடையில் போட்ட அந்த அரை நிமிடத்தில் அப்பா கடையில் இல்லை, அலுவலகத்தில் இருந்தார்.

குழந்தை பார்க்கும் ஒரே தட்டு

நம் வீடுகளில் இன்னொரு விசேஷம் உண்டு. மேலைநாட்டு ஆய்வுகளில் இதற்கு இடமில்லை, ஏனென்றால் அங்கே எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். இங்கே அப்பாவும் பிள்ளைகளும் முதல் பந்தி. அம்மா பரிமாறுவார். எல்லோரும் எழுந்த பிறகு, சட்டியில் மிச்சமிருப்பதைப் போட்டுக்கொண்டு, பெரும்பாலும் டிவி சீரியலைப் பார்த்தபடி, தனியாகச் சாப்பிடுவார். அதாவது, குழந்தை தினமும் அருகில் உட்கார்ந்து கவனிக்கிற பெரியவர் தட்டு ஒன்றே ஒன்றுதான். அது அப்பாவுடையது. அம்மா கீரையை விரும்பிச் சாப்பிடுகிறாரா, பழையதையும் மோர்மிளகாயையும் ரசித்துத் தின்கிறாரா என்பது குழந்தைக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. சமைப்பவர் ஒருவர், செய்து காட்டுபவர் வேறொருவர் என்று ஆகிவிடுகிறது.

செய்து காட்டுவது எவ்வளவு வேலை செய்யும்? 1975-இல் ஹார்ப்பர், சாண்டர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் சின்னக் குழந்தைகளின் வீடுகளுக்கே போய் ஒரு சோதனை செய்தார்கள். பழக்கமில்லாத ஒரு தின்பண்டத்தைச் சிலருக்குச் சும்மா நீட்டினார்கள். சிலருக்கு, பெரியவர் தானும் அதைத் தின்றபடி நீட்டினார். கூடவே தின்றவர் கொடுத்தபோது வாயில் போட்டுக்கொண்ட குழந்தைகள் அதிகம். 2005-இல் இன்னும் நுட்பமாக ஒன்று நடந்தது. இரண்டிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு நிறம் சேர்த்த ரவையைக் கொடுத்து, எதிரில் ஒரு பெரியவரையும் உட்கார வைத்தார்கள். எதிரில் இருப்பவர் சும்மா இருந்தாலோ, வேறு நிற ரவையைத் தின்றாலோ குழந்தைகள் பெரிதாக அசையவில்லை. அதே நிற ரவையைத் தின்றபோதுதான் இவர்களும் கூடுதலாகத் தின்றார்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 'அதே நிறம்'. அப்பா சாப்பிடும் நேரத்தில் குழந்தையையும் உட்கார வைத்து ஊட்டினால் போதாது. அப்பா சால்னாவில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே, எதிரே கிண்ணத்தில் இருக்கும் பருப்புச் சாதத்தைக் காட்டி "சாப்பிடு, சாப்பிடு" என்றால், குழந்தையின் கண் கிண்ணத்தில் இருக்காது.

இனி ஒதுக்குவதைப் பற்றி. புதிய காய் ஒன்றைக் குழந்தை ஏற்றுக்கொள்ள ஒரு தடவை, இரண்டு தடவை போதாது. எட்டு, பத்து, சில குழந்தைகளுக்குப் பதினைந்து தடவைகூட நாக்கில் படவேண்டும் என்பது இந்தத் துறையில் பலமுறை உறுதியான விஷயம். அமெரிக்க உளவியலாளர் லீன் பிர்ச்சும் அவருடன் வேலை செய்தவர்களும் 1980-களிலிருந்து இதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பெரும்பாலான அம்மாக்கள் மூன்று, நான்கு தடவையில் கைவிட்டுவிடுகிறார்கள் என்று அதோடு ஒரு குறையும் சொல்வார்கள். ஆனால் அப்பாவுக்குப் பிடிக்காத காய்க்கு அந்த மூன்று நான்குகூட இல்லை. பூஜ்யம். குழந்தை வேண்டாம் என்று சொல்லும் முன்பே அது முடிந்த கதை.

இங்கே ஒன்றைச் சொல்லாவிட்டால் அப்பாக்களுக்கு அநியாயம். "அப்பனைப் போலவே வாய்" என்று பாட்டிகள் சொல்வதில் பாதிக்குமேல் இரத்தத்தின் வேலை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2007-இல் பிறந்த இரட்டையர்களைத் தொடர்ந்து கவனித்துவரும் 'ஜெமினி' ஆய்வு, சாப்பாட்டில் முரண்டு பிடிக்கும் குணத்தில் குழந்தைக்குக் குழந்தை உள்ள வேறுபாட்டில் மரபணுவின் பங்கு பதினாறு மாத வயதில் சுமார் 60 சதவீதம் என்றும், மூன்று வயதுக்குப் பிறகு அது 74 சதவீதத்துக்கும் மேல் போகிறது என்றும் 2024-இல் சொன்னது. வீட்டுச் சூழலின் செல்வாக்கு தெளிவாகத் தெரிவது நடை பழகும் வயதில்தான். ஆக, பிள்ளை கீரையைத் துப்பினால் அது வளர்ப்பின் தோல்வி என்று யாரும் குற்ற உணர்ச்சியில் வாட வேண்டாம். ஆனால் அந்த நடை பழகும் வயதில்தான் நம் வீடுகளில் அப்பா மடியில் உட்கார்ந்து அவர் தட்டிலிருந்து ஒரு வாய் வாங்கிக்கொள்கிற பழக்கமும் தொடங்குகிறது.

பொட்டலம்

அப்பா அடுப்படிக்குப் போவதில்லை. ஆனால் வாசல் வழியாகச் சாப்பாட்டைக் கொண்டுவருகிறார். தமிழ்நாட்டு அப்பாக்களின் பாசத்துக்கு ஒரு வடிவம் கொடுக்கச் சொன்னால் நான் பொட்டலம் என்பேன். சணல் நூல் சுற்றிய காகிதத்தில் எண்ணெய் கசிந்த மெதுவடை. வாழையிலை வாசத்தோடு பரோட்டாவும், பிளாஸ்டிக் பையில் கட்டிய சால்னாவும். கோயம்புத்தூர்ப் பக்கம் பேக்கரி பப்ஸும் தேங்காய் பன்னும். சம்பள நாளில் அரைக்கிலோ அல்வா. தூங்கிவிட்ட பிள்ளைகளை எழுப்பி உட்கார வைத்து ஊட்டிய அப்பாக்கள் எத்தனையோ பேர். வீட்டில் வாய் திறந்து இரண்டு வார்த்தை பேசாத மனிதர்கள் அந்தப் பொட்டலத்தில்தான் பேசினார்கள்.

லீன் பிர்ச்சும் இரண்டு சகாக்களும் 1980-இல் செய்த ஒரு சோதனை, ஏதோ நம் தெருவைப் பார்த்துவிட்டுச் செய்ததுபோல் இருக்கும். பாலர் பள்ளிக் குழந்தைகளுக்கு, முன்பு அவர்கள் பெரிதாக விரும்பாத தின்பண்டங்களைச் சில வாரங்களுக்கு வெவ்வேறு விதமாகக் கொடுத்தார்கள். சிலருக்கு நன்றாக நடந்துகொண்டதற்குப் பரிசாக. சிலருக்குப் பெரியவர் ஒருவர் அன்பாக நாலு வார்த்தை பேசிக் கையில் கொடுத்து. சிலருக்கு வழக்கமான சிற்றுண்டி நேரத்தில் சும்மா வைத்து. பரிசாக வந்ததும் அன்போடு வந்ததும் பிடித்த பண்டங்களாகிவிட்டன. சும்மா வைத்தது அப்படியே இருந்தது. ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பிரியம் குறையவில்லை.

இதை நம் வீட்டில் வைத்துப் பாருங்கள். பீர்க்கங்காய்க் கூட்டு தினசரிச் சடங்காக, சும்மா தட்டில் வந்து விழுகிறது. வறுத்ததும் பொரித்ததும் நாள் முழுக்கக் காத்திருந்த அப்பாவோடு, அவர் வண்டிச் சத்தத்தோடு, அவர் சட்டை வியர்வை வாசத்தோடு வருகிறது. இரண்டும் ஒரே எடை ஆகுமா? குழந்தைக்கு எண்ணெயும் உப்பும் சர்க்கரையும் இயல்பாகவே பிடிக்கும். அதன்மேல் அப்பாவையும் தடவிக் கொடுக்கிறோம்.

பொட்டலத்துக்குப் பின்னால் வரலாறும் இருக்கிறது. இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருக்கும் அப்பாக்களின் அப்பாக்கள் கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் குடித்து வளர்ந்தவர்கள். இட்லி என்றால் தீபாவளி என்று சொன்ன தலைமுறை. கிராமத்தில் நெல்லுச்சோறு தினசரிச் சாப்பாடானது ரேஷன் கடை வந்த பிறகுதான் என்று சொல்லும் குடும்பங்கள் ஏராளம். 2008-இல் கிலோ ஒரு ரூபாயாகி, 2011-இல் அட்டைதாரர்களுக்கு இலவசமாகவே ஆனது ரேஷன் அரிசி. அந்த வறுமையை நேரில் பார்த்தவரோ கேட்டு வளர்ந்தவரோ அப்பாவாகும்போது, "நான் பட்ட கஷ்டம் என் பிள்ளை படக்கூடாது" என்பது நேராக வயிற்றில் போய் நிற்கிறது. கேட்டதை வாங்கிக் கொடுப்பது அவருக்கு ஊட்டச்சத்துப் பிரச்சினையே இல்லை, மானப் பிரச்சினை. துபாயிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்த அப்பாக்களின் பெட்டியில் டாங்கும் நிடோவும் சாக்லேட்டும் இருந்தன. விடுமுறை முடியும்வரை வீட்டில் தினம் பிரியாணி. அந்த ஒரு மாதத்துச் சாப்பாட்டுக்கு முன்னால் அம்மாவின் இருபத்துமூன்று மாதச் சமையல் எடுபடுமா?

இப்போது பொட்டலம் கைப்பேசிக்குள் போய்விட்டது. ஸ்விக்கியும் சொமேட்டோவும் பெரும்பாலும் அப்பாவின் போனில், அப்பாவின் கணக்கில். ஞாயிறு இரவு "என்ன சொல்லலாம்?" என்று அவர் சோபாவில் சாய்ந்து கேட்கும்போது, பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து படம் படமாகத் தள்ளிப் பார்ப்பது பிள்ளைகள்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தைக்குப் படத்தைப் பார்த்து 'பக்கெட் பிரியாணி'யைக் காட்டத் தெரிகிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹூஸ்டன் பகுதிக் குடும்பங்களை வைத்து 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதையே வேறு கோணத்தில் காட்டியது: அப்பா உணவகங்களில் செலவிடும் நேரத்தோடு பிள்ளைகள் அங்கே செலவிடும் நேரம் சேர்ந்து ஏறியது. துரித உணவகத்தில் கால் வைப்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் அப்பாவுக்குப் பிறந்த பிள்ளைக்கும் அது சாதாரணமாகிவிடுகிறது.

பொட்டலத்தின் நல்ல பக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கறிக்கடையில் பையோடு நிற்பது பெரும்பாலும் அப்பா, சட்டையைப் பிடித்துக்கொண்டு மகனோ மகளோ. "நெஞ்செலும்பு கொஞ்சம் போடுங்கண்ணே" என்று கேட்கத் தெரிந்தவர் அவர். ஆட்டுக்கு ஒரு சுவரொட்டிதான், அதாவது மண்ணீரல். முந்தைய நாளே சொல்லிவைத்தால்தான் கிடைக்கும். பிள்ளை வெளுத்துப்போயிருக்கிறது என்று பாட்டி சொன்ன வாரமே சுவரொட்டியும் ஈரலும் வீட்டுக்கு வந்துவிடும், நல்லெண்ணெயில் மிளகு தட்டிப்போட்டு வதக்கிப் பிள்ளைக்குத் தனியாக ஊட்டுவார்கள். லெவின் காலத்து அமெரிக்க அரசு பெரும்பாடுபட்டும் மேசைக்குக் கொண்டுவரச் சிரமப்பட்ட சமாச்சாரம் இங்கே ஒரு அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைப் பெருமை. அந்தக் கடையில் நின்று, எது தொடை, எது சப்பை என்று பார்த்து வளர்ந்த பிள்ளை ஈரலைக் கண்டு முகம் சுளிப்பதில்லை.

ஆனால் அந்த ஈரல் யார் தட்டுக்குப் போகிறது? 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியக் குழந்தைகளில் (ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள்) 67 சதவீதம் பேருக்கும், பெண்களில் 57 சதவீதம் பேருக்கும் இரத்தசோகை. ஆண்களில் 25 சதவீதம். பெண்களுக்கு மாதவிடாயும் பிரசவமும் காரணம் என்பது தெரிந்ததே. ஆனாலும் கறிக்குழம்பில் துண்டுகள் முதல் பந்தியில் முடிந்து, கடைசியில் உட்காருபவருக்கு எலும்பும் குழம்பும் மிஞ்சும் வீடுகள் எத்தனை என்று நமக்கே தெரியும். அண்ணன் தட்டில் நல்லி எலும்பு விழுவதைப் பார்த்து வளரும் தங்கை, என்ன சாப்பிடுவது என்பதோடு தனக்கு எவ்வளவு என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறாள். அதைக் கற்றுக்கொடுப்பதும் அப்பா தட்டுதான். "அவளுக்கும் ஒண்ணு போடு" என்று அவர் ஒருநாள் சொன்னால் மறுநாள் முதல் பந்தி மாறும்.

"அப்பா வர்றாரு, சாப்பிடு"

அப்பாவுக்கு இன்னொரு வேடமும் உண்டு. பூச்சாண்டிக்கு அடுத்த இடம். மத்தியானம் முழுக்கக் கெஞ்சி அலுத்துப்போன அம்மா கடைசியாக எடுக்கும் ஆயுதம் அது. அப்பாவும் அந்த வேடத்தை விருப்பமாக ஏற்கிறார்: "தட்டுல ஒரு பருக்கை இருக்கக்கூடாது." அப்பாக்கள் உணவூட்டும் முறைகளைப் பற்றி இருக்கிற கொஞ்ச ஆய்வுகள் பொதுவாகச் சொல்வதும் இதுதான்: என்ன சாப்பிடுகிறார்கள் என்று கவனிப்பதில் அம்மாக்களைவிடக் குறைவு, சாப்பிடச் சொல்லி அழுத்துவதில் அதிகம்.

அழுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 2006-இல் வந்த ஒரு சோதனை. மூன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு இரண்டு வகை சூப். ஒன்றைக் கொடுக்கும்போது "சூப்பை முடி, ப்ளீஸ்" என்று நிமிடத்துக்கு ஒருதரம் சொன்னார்கள்; மற்றதைக் கொடுக்கும்போது யாரும் எதுவும் சொல்லவில்லை. வாரங்கள் போகப்போக, சொல்லாமல் விட்ட சூப்பை அதிகம் குடித்தார்கள். சொல்லிச் சொல்லிக் கொடுத்ததைப் பற்றி அந்தச் சின்ன வாய்களிலிருந்து வந்த குறைகள்தான் அதிகம். அத்தனைக்கும் அங்கே குரல் உயரவில்லை, கண் உருட்டவில்லை. "இதைத் தின்னா ஐஸ்கிரீம்" என்ற பேரமும் அப்படித்தான்: பேரத்தில் வென்றது ஐஸ்கிரீம், இன்னும் கசந்தது காய்.

பருக்கையை வீணாக்காதே என்பதில் நெல் விளைவித்தவனின் மரியாதை இருக்கிறது, அதை நான் கிண்டல் செய்யமாட்டேன். ஆனால் பருக்கை வீணாகாமல் இருக்க, கொஞ்சமாகப் போட்டுக் கேட்டு வாங்கச் சொல்வதும் ஒரு வழி. குவித்துப் போட்டுவிட்டுக் காலி செய்யச் சொன்னால் குழந்தை வயிற்றின் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடும். அதே தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெரியவர்களில் பெண்கள் 40 சதவீதம், ஆண்கள் 37 சதவீதம் பேர் அதிக எடை அல்லது பருமன் என்று வந்திருக்கிறது. அதில் எத்தனை பேர் பருக்கை விடாமல் வளர்ந்த பிள்ளைகளோ.

இந்த எடையோடு சேர்ந்தே வருவது சுகர். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்றது. நாற்பதை ஒட்டிய வயதில் அப்பாவுக்குச் சுகர் தெரியவரும் நாள் ஒரு வீட்டின் சாப்பாட்டு வரலாற்றில் முக்கியமான நாள். அன்றுமுதல் அடுப்பில் இரண்டு சமையல். அப்பாவுக்குக் கோதுமை ரவை உப்புமா, கேழ்வரகு அடை, வெண்டைக்காய், வெந்தயம். பிள்ளைகளுக்கு வழக்கம்போல் வெள்ளைச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும். அம்மாவின் வேலை இரட்டிப்பாவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தாத்தா காலத்தில் ஏழைச் சாப்பாடாக இருந்த கேழ்வரகு இப்போது நோயாளிச் சாப்பாடாகப் பெயர் மாறுகிறது. "அது அப்பாவோடது, நீ தொடாதே" என்று சொல்லும் வீடுகளும் உண்டு. ஒருவர் பெரும் அவதிப்பட்டு, டாக்டர் மிரட்டி, முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிடுவதைப் பார்க்கிற குழந்தை அந்தச் சாப்பாட்டைப் பற்றி என்ன நினைக்கும்? மரபில் சுகர் ஏற்கனவே வந்திருக்கக்கூடிய பிள்ளைக்குத்தான் அந்தத் தட்டு முதலில் தேவை. அந்தப் பிள்ளைக்குத்தான் அது மறுக்கப்படுகிறது.

இதை மாற்றிக் காட்டிய ஒரு முயற்சி ஆஸ்திரேலியாவில் நடந்தது. நியூகாசில் பல்கலைக்கழகத்தின் பிலிப் மார்கனும் அவருடைய குழுவும், எடை கூடிய 53 அப்பாக்களையும் ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளையும் சேர்த்து 'ஆரோக்கிய அப்பா, ஆரோக்கியப் பிள்ளை' என்ற பொருளில் ஒரு திட்டம் நடத்தினார்கள். பிள்ளைகளைத் திருத்த வாருங்கள் என்று அழைக்கவில்லை. நீங்கள் இளைக்க வாருங்கள் என்றுதான் அழைத்தார்கள். மூன்று மாதத்தில் எட்டு வகுப்புகள், அவற்றில் சிலவற்றுக்குப் பிள்ளைகளும் கூட வந்தார்கள். ஆறாவது மாதம் பார்த்தபோது வகுப்புக்கு வந்த அப்பாக்கள் சராசரியாக 7.6 கிலோ இளைத்திருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அந்த 53 பேரில் வகுப்புக்கு அழைக்காமல் காத்திருக்க வைத்த அப்பாக்களின் எடையில் மாற்றமே இல்லை. பிள்ளைகள் கூடுதலாக ஓடியாடினார்கள், அவர்கள் சாப்பாட்டிலும் மாற்றம் தெரிந்தது. 2011-இல் இது ஆய்விதழில் வெளியானது. பிறகு ஊர்ப்பகுதிகளில் பெரிய அளவிலும் செய்து பார்த்தார்கள். நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. மட்டன் கடையும் டாஸ்மாக் சைட் டிஷ்ஷும் அவர்கள் கணக்கில் இல்லை. ஆனால் பிள்ளையை விட்டுவிட்டு அப்பா தட்டில் தொடங்கியது எனக்குச் சரியாகப் படுகிறது.

என் அப்பாவுக்கும் சுகர் வந்தது, அறுபத்திரண்டு வயதில். எது பிடிக்காது என்று அம்மா நாற்பது வருடம் கூடையில் திரும்பப் போட்டாரோ, அதை டாக்டர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். இப்போது வாரம் மூன்று நாள் பாகற்காய். முதல் ஆறு மாதம் மருந்து விழுங்குவதுபோல் விழுங்கினார். பிறகு அம்மா புளியும் கொஞ்சம் நிலக்கடலையும் சேர்த்து மொறுமொறுவென்று வறுக்க ஆரம்பித்ததும் "இன்னும் ரெண்டு போடு" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டார். பள்ளி விடுமுறைக்குப் போயிருந்த என் மகள் தாத்தாவின் பக்கத்தில்தான் உட்காருவாள். அவர் மொறுக்கென்று கடிப்பதை இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அவர் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுத் துப்பினாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் தன்பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் ஒன்றைக் கடித்து, பாதியை விழுங்கி, மீதியை அவர் தட்டிலேயே வைத்துவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது அம்மா சொன்னார், மறுபடி ஒன்று எடுத்தாளாம். முழுசாகத் தின்றாளா என்று கவனிக்கவில்லையாம். மூன்று தடவை ஆகியிருக்கிறது. கறிவேப்பிலை இன்னும் ஓரத்தில்தான், இரண்டு தட்டிலும்.